லடாக் பையில் என்ன இருக்க வேண்டும், படங்கள் எங்கே இருக்க வேண்டும்

"செப்டம்பரில் பத்து நாள் லடாக் போகிறோம், மனைவியும் நானும். கையில் கேனான் 5டி மார்க் 4, 16-35, 24-70, 70-200 என்று மூன்று லென்ஸ், லேப்டாப், ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கின்றன. எதை எடுத்துப்போவது, எதை விடுவது? படங்களை அன்றன்றைக்கு எப்படிப் பத்திரப்படுத்துவது?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, "எல்லாவற்றையும் எடுத்துப்போய்விட்டால் பிரச்சினை இல்லையே?" என்றும் ஒரு வரி.

பிரச்சினை அந்த வரியில்தான் இருக்கிறது. லென்ஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் காட்டுங்கள், மெமரி கார்டு விஷயத்தில் தாராளமாக இருங்கள். இரண்டும் தனித்தனிக் கேள்வி என்று நினைக்கிறோம், ஆனால் ஒன்றுதான். பையில் கிலோக்கணக்கில் லென்ஸைச் சுமப்பவர் ராத்திரி அறைக்கு வந்ததும் கட்டிலில் விழுவார், படத்தைக் காப்பி எடுக்கமாட்டார். நான் விழுந்திருக்கிறேன். அந்தக் கதை பிறகு.

முதலில் சமையலறைத் தராசை எடுத்து உங்கள் சாமான்களை நிறுத்துப் பாருங்கள். 5டி மார்க் 4 பேட்டரி, கார்டோடு 890 கிராம். 24-70 எஃப் 2.8 இரண்டாம் பதிப்பு 805 (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் உள்ளே விடும் வெளிச்சம் அதிகம்). 16-35 எஃப் 4 என்றால் 615. 70-200 எஃப் 2.8 ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. இதுவே 3.8 கிலோ ஆகிவிட்டது. லேப்டாப்பும் சார்ஜரும் இரண்டு கிலோ, பஞ்சு வைத்த கேமரா பை வெறுமையாகவே ஒன்றரை, இரண்டு கிலோ. உள்நாட்டு விமானத்தில் கையில் கொண்டுபோக 7 கிலோதான் என்பது வழக்கமான கணக்கு. ஸ்வெட்டர், மருந்து எதுவும் வைக்கும் முன்பே எல்லை தாண்டிவிட்டது. கவுன்டரில் நிறுத்துப் பார்த்தால் எதையாவது செக்-இன் பெட்டியில் போடச் சொல்வார்கள், நீங்களும் பதற்றத்தில் தப்பான சாமானைப் போடுவீர்கள்.

விமானமாவது ஒரு நாள் கவலை. லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் கிடைக்கும் காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. திக்சே மடத்தின் படிகளில் வெறுங்கையோடு ஏறினாலே இருபது படிக்கு ஒருமுறை நிற்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு நாள் உடம்பு அந்தக் காற்றுக்குப் பழக வேண்டும், கனமான பையோடு எங்கேயும் ஏறாதீர்கள். ஊரில் மூன்று கிலோவை நாள் முழுக்கத் தோளில் போட்டுத் திரிகிறவரும் அங்கே மதியத்துக்குள் பையை டாக்சியிலேயே விட்டுவிட்டு இறங்கத் தொடங்கிவிடுவார். டாக்சியில் கிடக்கும் லென்ஸால் படம் எடுக்க முடியாது.

சரி, எதை விடுவது? லென்ஸின் மி.மீட்டர் எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரத்துப் பொருள் கிட்டே வரும். முதலில் 16-35. அகலமான லென்ஸ் இல்லாமல் லடாக்கா என்று தோன்றும். ஆனால் அங்கே மலை தூரத்தில் நிற்கும், நடுவில் பெரிய வெட்டவெளி. 16 மி.மீட்டரில் எடுத்தால் 6,000 மீட்டர் சிகரமும் எறும்புப் புற்று மாதிரி ஓரத்தில் கிடக்கும். 24 தாராளம். ஆகவே 24-70 கேமராவிலேயே மாட்டியிருக்கட்டும்.

70-200 விஷயத்தில் எனக்கே இரண்டு மனசு. ஒன்றன் பின் ஒன்றாக மங்கிக்கொண்டே போகும் மலை அடுக்குகளும், ஹன்லே கிராமத்துப் பக்கச் சதுப்பில் கருங்கழுத்துக் கொக்கும், சமவெளியில் ஓடும் கியாங் காட்டுக் கழுதைகளும் 70 மி.மீட்டரில் வெறும் புள்ளிகள். நீள லென்ஸ் வேண்டும். ஆனால் எஃப் 2.8 வேண்டாம், பகல் வெளிச்சம் அங்கே கண்ணைக் குத்தும் அளவுக்கு இருக்கும். தெரிந்தவரிடம் கேட்டோ வாடகைக்கோ கேனானின் 70-300 இரண்டாம் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள். 710 கிராம், பாதி எடைக்குக் கூடுதல் நீளம். 70-200 எஃப் 4 கிடைத்தாலும் சரி. கிடைக்கவில்லை என்றால் உங்கள் 70-200-ஐ மனைவி சுமக்கச் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள், சம்மதிக்கமாட்டார். அப்படியானால் 24-70 மட்டும். 30 மெகாபிக்சல் இருக்கிறது, கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம்.

மடங்களுக்குள் இருட்டு. திக்சேயின் மைத்ரேயர் இரண்டு மாடி உயரம், மேலே ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம்தான். ஃபிளாஷ் போடவே கூடாது. 24-70-இன் எஃப் 2.8 அங்கே போதும். மனசு கேட்கவில்லை என்றால் 50 மி.மீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளுங்கள், 160 கிராம்தான். ஆல்சி மடத்தில் அந்தப் பழைய சுவரோவியங்கள் உள்ள கோயில்களுக்குள் படமே எடுக்கக்கூடாது, அதற்காக லென்ஸ் யோசிக்க வேண்டாம்.

போலரைசர், அதாவது வானத்தைக் கருக்கும் ஃபில்டர், வேண்டாம். அந்த உயரத்தில் வானம் ஏற்கெனவே கருநீலம். அதன்மேல் போலரைசரும் போட்டு 24 மி.மீட்டரில் எடுத்தால் வானத்தின் ஒரு பக்கம் மை கொட்டியது போலவும் மறுபக்கம் வெளிறியும் வரும், பிறகு மென்பொருளில் சரிசெய்வது பெரும்பாடு. ட்ரோன் கேட்கவே வேண்டாம். எல்லைப் பகுதி, வீட்டிலேயே இருக்கட்டும்.

ட்ரைபாட் ஹன்லே போவதாக இருந்தால் மட்டும். அங்கே இந்திய வானியல் ஆய்வுக்கூடம் இருக்கிறது, சுற்றியுள்ள பகுதி 2022-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 4,500 மீட்டர் உயரம், தெருவிளக்கு கிடையாது. 24 மி.மீட்டர், எஃப் 2.8, 15 வினாடி, ஐஎஸ்ஓ 6400 என்று வைத்தால் பால்வீதி கேமராவின் திரையிலேயே தெரியும். ஒன்றேகால் கிலோ பயண ட்ரைபாடை உடுப்புப் பெட்டியில் போட்டு செக்-இன் செய்துவிடுங்கள். ஹன்லே திட்டத்தில் இல்லையா, ஒரு சின்னத் துணிப்பை மட்டும் கொண்டுபோங்கள். லே கடைத்தெருவில் ஒரு கிலோ பருப்பு வாங்கி அதில் நிரப்பி வாயைக் கட்டினால் டாக்சியின் பானெட்டில் கேமராவை எப்படிச் சாய்த்தாலும் அசையாமல் உட்காரும். நான் ஊர் திரும்புவதற்கு முந்தின நாள் பருப்பை ஹோம்ஸ்டே அம்மாவிடம் கொடுத்தேன். அன்று ராத்திரி எங்களுக்கே பருப்பாகப் பரிமாறினார்.

பேட்டரி மூன்று வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், உள் சட்டைப் பையில் உடம்புச் சூட்டோடு வைத்தால் மறுபடி எழும். ராத்திரி ரஜாய்க்குள் உங்களோடு படுக்கட்டும். 5டி மார்க் 4-இல் பலருக்குத் தெரியாத ஒரு திருடன் இருக்கிறது: ஜிபிஎஸ். அதை மெனுவில் 'மோட் 1'-இல் வைத்திருந்தால் கேமராவை அணைத்த பிறகும் செயற்கைக்கோளைத் தேடிக்கொண்டே இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் முழு பேட்டரி பாதியாகியிருக்கும், நாமோ குளிரைத் திட்டுவோம். 'மோட் 2'-க்கு மாற்றுங்கள், கேமராவோடு அதுவும் அணையும். இந்த கேமராவை யுஎஸ்பி வழியாக சார்ஜ் செய்ய முடியாது. யுஎஸ்பியில் ஓடும் இரட்டை சார்ஜர் ஒன்று தனியாக வாங்கிக்கொண்டால் ஓடும் டாக்சியிலேயே சார்ஜ் ஆகிவிடும். பாங்காங் ஏரிக்கரைக் கூடாரங்கள் பலவற்றில் மின்சாரம் மாலையில் சில மணி நேரம்தான், ஜெனரேட்டர் தயவு. பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட்-மணி. 100-க்குள் இருப்பதால் விமானத்தில் தனி அனுமதி வேண்டாம், ஆனால் பவர் பேங்க்கும் உபரி பேட்டரிகளும் கைப்பையில்தான் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடவே கூடாது. பேட்டரியின் பிளாஸ்டிக் மூடியைத் தொலைத்திருந்தால் முனைகளில் டேப் ஒட்டுங்கள்.

இனி படங்கள். முன்பு சொன்ன கதையை இப்போது சொல்கிறேன், ஏனென்றால் என் பழக்கங்கள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

முதல்முறை போனபோது நானும் லேப்டாப் சுமந்தேன். நுப்ரா பள்ளத்தாக்கில் துர்துக் கிராமத்தில் ஒரு நாள் முழுக்கப் படம் எடுத்துவிட்டு மறுநாள் பாங்காங் வந்து சேர்ந்தோம். தலைவலி, குளிர். கூடாரத்தில் உட்கார்ந்து கார்டை லேப்டாப்பில் செருகி, இழுத்துப் போட்டு, பச்சைக் கோடு நகர ஆரம்பித்ததும் போர்வைக்குள் போய்விட்டேன். பத்து மணிக்கு ஜெனரேட்டரை நிறுத்தியிருக்கிறார்கள். லேப்டாப் பேட்டரி பழசு, அதுவும் குளிரில் சற்று நேரத்தில் அணைந்திருக்கிறது. விடிகாலையில் சூரியன் வரும் முன் ஏரிக்கு ஓட வேண்டும் என்ற அவசரத்தில் லேப்டாப்பைத் திறந்தேன், 'நாள் 4' என்று ஃபோல்டர் இருந்தது, உள்ளே படங்களும் இருந்தன. மூடிவிட்டு, ஏரிக்கரையில் நின்று கார்டை ஃபார்மேட் செய்து, அதிலேயே சூரிய உதயம் எடுத்தேன். லே திரும்பி நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கார்டில் இருந்தது 540, ஃபோல்டரில் இருந்தது 331. துர்துக்கில் கூரைமேல் பாதாமி காயவைத்துக்கொண்டிருந்த பாட்டி, அவர் எனக்கு நீட்டிய ஒரு கை நிறையப் பழம், எல்லாம் மீதி 209-இல். ஊருக்கு வந்து ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கார்டில் ஓட்டினேன். மேலே புதுப் படங்கள் எழுதப்பட்டுவிட்டதால் அறுபது சொச்சம்தான் கிடைத்தது. பாட்டி கிடைக்கவில்லை. தப்பு ஜெனரேட்டருடையது அல்ல. எண்ணிப் பார்க்காமல் அழித்தது நான்.

(உங்களுக்கு அப்படி நேர்ந்தால்: அந்தக் கார்டில் அதற்குமேல் ஒரு படம்கூட எடுக்காதீர்கள். ஃபார்மேட் செய்ததும் படம் உடனே மறைந்துவிடாது, அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும்வரை பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். கார்டைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு ஊர் வந்து மீட்டுக்கொள்ளலாம்.)

உங்கள் கேமராவில் ஒரு வரம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேள்வியில் சொல்லவில்லை. 5டி மார்க் 4-இல் சிஎஃப், எஸ்டி என்று இரண்டு வகைக் கார்டுக்குத் தனித்தனி இடம். மெனுவில் பதிவு முறையை, ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுதும்படி மாற்றலாம். எஸ்டி இடத்தின் வேகம் குறைவு என்பதால் தொடர்ச்சியாகச் சுடும்போது சீக்கிரம் திணறும். மலை எங்கேயும் ஓடாது, பரவாயில்லை. இப்படி வைத்தால் ஷட்டர் அழுத்திய நொடியிலேயே இரண்டு பிரதி. வீடியோ மட்டும் ஒரே கார்டில்தான் பதியும். இந்த கேமராவின் 4கே நிமிடத்துக்கு 3.7 ஜிபி விழுங்கும், படத்தின் ஓரங்களையும் வெட்டும். வீடியோவைப் போனில் எடுங்கள்.

எத்தனை கார்டு? இந்த கேமராவின் ரா கோப்பு, அதாவது சுருக்காத முழுப் பதிவு, சராசரியாக 38 எம்பி. ஒரு நாளைக்கு 400 படம் என்றால் 15 ஜிபி. எட்டு நாள் தீவிரமாக எடுத்தால் 122 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஏறத்தாழ 1,600 படம் அடங்கும். ஆக, 64 ஜிபி சிஎஃப் மூன்று, எஸ்டி மூன்று வைத்துக்கொண்டால் பயணம் முழுக்க எதையும் அழிக்க வேண்டிய தேவையே வராது. என் பாட்டி கதை உங்களுக்கு நடக்காமல் இருக்க இது ஒன்றே போதும். சிஎஃப் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் ஒரு கார்டில் ரா, மற்றதில் ஜேபெக் என்று பிரித்தாவது எழுதவையுங்கள். ஜேபெக் மிஞ்சினாலும் படம் மிஞ்சும். கார்டுகளில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதுங்கள். புதுக் கார்டு வாங்கினால் ஊரிலேயே ஒருமுறை முழுக்க நிரப்பித் திறந்து பாருங்கள். 64 என்று மேலே எழுதி உள்ளே 8 மட்டும் இருக்கும் போலிகள் சந்தையில் உண்டு, அவை எட்டு ஜிபி வரை சமர்த்தாக வேலை செய்யும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதை வீட்டில் வையுங்கள். எடைக்காகச் சொல்லவில்லை. ஹார்ட் டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுக்குச் சில நானோமீட்டர் மேலே, காற்றின் மெத்தையில்தான் அதன் படிக்கும் முனை மிதக்கிறது. காற்று மெலிந்தால் மெத்தை தாழும், முனை தட்டை உரசும். அதனால்தான் பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளுக்கு இயக்கும் உயரம் 3,048 மீட்டர், அதாவது 10,000 அடி வரை என்று தயாரிப்பாளர்களே குறித்திருப்பார்கள். லே அதற்கு மேலே, பாங்காங் 4,250. எத்தனையோ பேர் அங்கே ஓட்டியிருக்கிறார்கள், ஓடியும் இருக்கிறது. என் படங்களை வைத்து அந்தச் சோதனையை நான் செய்யமாட்டேன். சிப்பில் பதியும் எஸ்எஸ்டி டிஸ்க்குக்குச் சுழலும் தட்டே கிடையாது, ஆகவே இந்தக் கவலை இல்லை. சாம்சங் டி7 போன்ற ஒன்று 58 கிராம், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. 1 டிபி எடுத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப்பும் வேண்டாம். யுஎஸ்பி-சி உள்ள போன், ஒரே துளையில் பலவற்றைச் செருக ஒரு சின்ன ஹப், கார்டு ரீடர், எஸ்எஸ்டி போதும். எஸ்எஸ்டியை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பல போன்களுக்குப் புரியாது. ஐபோன் என்றால் 15-ஆம் வரிசை முதல் யுஎஸ்பி-சி, ஃபைல்ஸ் செயலியிலேயே காப்பி எடுக்கலாம். போனிலிருந்து கிடைக்கும் மின்சாரம் ரீடருக்கும் எஸ்எஸ்டிக்கும் சேர்த்துப் போதாமல் நடுவில் அறுந்துபோகலாம், அதனால் பவர் பேங்க்கைச் செருக இடமுள்ள ஹப்பாகப் பார்த்து வாங்குங்கள். சில போன்கள் திரை அணைந்தால் காப்பியையும் நிறுத்திவிடும். இதெல்லாம் போனுக்குப் போன் வேறுபடும் சமாச்சாரம், கிளம்பும் முன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து 15 ஜிபியை ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம்.

ராத்திரி செய்ய வேண்டியது: எஸ்டியைக் கழற்றி ரீடரில் போட்டு, அன்றைய தேதியில் ஃபோல்டர் போட்டுக் காப்பி. முடிந்ததும் இரண்டு பக்கமும் எத்தனை கோப்பு, மொத்தம் எத்தனை ஜிபி என்று ஒப்பிடுங்கள். கடைசிப் படத்தைத் திறந்து பாருங்கள், அறுந்துபோன காப்பி பெரும்பாலும் கடைசியில்தான் காட்டிக்கொடுக்கும். கேனானின் ரா கோப்பான சிஆர்2 போனில் திறக்காமல் போகலாம், ரா-வோடு சின்ன அளவு ஜேபெக்கும் சேர்த்து எடுத்தால் பார்க்கவும் ஆச்சு, வீட்டு வாட்ஸாப்புக்கு அனுப்பவும் ஆச்சு. பிறகு எஸ்டி திரும்பவும் கேமராவுக்குள்.

இப்போது சிஎஃப், எஸ்டி, எஸ்எஸ்டி என மூன்று பிரதி. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் வகுத்த 3-2-1 கணக்கு இது. முதல் இரண்டும் எளிது, எல்லோரும் கோட்டைவிடுவது மூன்றாவதில். வீட்டில் இருக்கும்போது வேறிடம் என்றால் இன்னொரு வீடு அல்லது கிளவுட். பயணத்தில் அது மனைவியின் கைப்பை. எஸ்எஸ்டியும் நிரம்பிய எஸ்டிகளும் அவரிடம், கேமராவும் நிரம்பிய சிஎஃப்களும் உங்களிடம். சாப்பிட இறங்கும்போதும் இரண்டு பையும் ஒரே டாக்சியில் கிடக்கக்கூடாது. கேமரா தொலைந்தாலும் வீட்டுக்குப் படம் வரும்.

கிளவுடை நம்பி உட்காராதீர்கள். வெளி மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பாங்காங், ஹன்லே பக்கம் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. லே ஹோட்டலில் வைஃபை 2 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் ஒரு நாள் படம் 15 ஜிபிக்கு 17 மணி நேரம் பிடிக்கும். கூகுள் இலவசமாகத் தருவதே மொத்தம் 15 ஜிபிதான், அதில் உங்கள் மெயிலும் அடக்கம். அன்றைக்குப் பிடித்த முப்பது ஜேபெக்கை மட்டும் ஏற்றுங்கள், 300 எம்பிக்குள் முடிந்துவிடும். போனில் இடம் போதவில்லை என்று கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள்ளேயே படத்தை அழித்தால் மேலே ஏற்றியதும் சேர்ந்து அழியும், அதையும் மனசில் வையுங்கள்.

தூசியும் ஈரமும் பாக்கி. நுப்ராவின் ஹுண்டர் மணல்மேட்டில் லென்ஸ் மாற்றாதீர்கள், டாக்சிக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். ரப்பர் ஊதுகுழல் ஒன்று கட்டாயம். வெளியே உறைகுளிரில் இருந்த கேமராவை புகாரி அடுப்பு எரியும் சமையலறைக்குள் அப்படியே கொண்டுபோனால் டீக் கெட்டிலின் ஆவி முழுக்க லென்ஸில் வந்து உட்காரும். வாசலிலேயே ஜிப் பையில் போட்டு மூடி, அரை மணி கழித்துத் திறங்கள். கார்டைக் காப்பி எடுக்க வேண்டுமே என்று அவசரப்பட்டால், மூடும் முன்பே கார்டை மட்டும் கழற்றிக்கொள்ளுங்கள்.

திரும்பும் நாள் செக்-இன் பெட்டியில் உடுப்பும் ட்ரைபாடும் மட்டும். வீட்டுக்கு வந்து கணினியில் ஏற்றி, இன்னொரு டிஸ்க்கிலும் ஏற்றி, எண்ணிப் பார்க்கும்வரை ஒரு கார்டையும் அழிக்காதீர்கள். லேயில் விமானம் ஏறும்போது ஓடுபாதைக்குப் பின்னால் மலை அப்படி நிற்கும், கை துறுதுறுக்கும். அது விமானப் படையின் தளம், படம் எடுக்கத் தடை. கேமராவை அதற்கு முன்பே பைக்குள் வைத்துவிடுங்கள்.